ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கதையை வாசிப்பது?

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் இரண்டு வழியாக வருகிறார்கள். ஏரிக்கரை மேல் நடந்து வருகிறவர்கள் ஊர்ப் பிள்ளைகள். புளியமரச் சாலையில் வருகிறவர்கள் காலனிப் பிள்ளைகள். கொட்டாய்களிலிருந்து, அதாவது ஊருக்கு வெளியே வயல்களை ஒட்டிய வீடுகளிலிருந்து, சைக்கிளில் வருகிறவர்கள் எந்த வழியில் வந்தாலும் ஊர்க் கணக்கிலேயே சேர்கிறார்கள். பள்ளி வாசலில் இரண்டு வழியும் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் மதிய உணவுத் தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகும்போது, யாரும் சொல்லாமலேயே, யாரும் அதட்டாமலேயே, பிள்ளைகள் மறுபடியும் இரண்டாகப் பிரிந்து உட்காருகிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் 16 ஆண்டுகளாகத் தமிழாசிரியராக இருக்கும் நான், இதைப் பார்த்தும் பார்க்காதவனாகப் பழகிப்போயிருந்தேன்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு நூலகப் பாடவேளை முறையாகக் கிடைத்திருக்கிறது. 40 நிமிடம். அதில் ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்து உட்காரவைப்பதை விட்டு, அரையாண்டுத் தேர்வு வரை ஒரே நூலை வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசிப்பது என்றும், அந்த நூல் இரண்டுபட்டுக் கிடக்கும் ஒரு ஊரையும் அதன் பள்ளியையும் பற்றியதாக இருக்க வேண்டும் என்றும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து முடிவெடுத்தோம். நான், எங்கள் ஆங்கில ஆசிரியை, ஊர்ப்புற நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் நண்பர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோர் ஆகியோரே அந்த நால்வர். அந்தப் பெற்றோர் காலனியைச் சேர்ந்தவர். பெங்களூரில் பல ஆண்டுகள் கட்டட வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். எந்த நூல் என்ற கேள்வியில் நாங்கள் மூன்று மாலைகள் செலவிட்டோம். இதே கேள்வியோடு இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், எங்கள் முன் இருந்த வழிகளையும், அவற்றை நாங்கள் எடைபோட்ட விதத்தையும் எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்தில் இதை எழுதுகிறபோது ஒரு தேதியைத் தவிர்த்துவிட முடியாது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக்கி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. இன்று எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று கைக்குழந்தைகள். அவர்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஊர் வீடுகளில் ஒரு விதமாகவும் காலனி வீடுகளில் வேறு விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு வகுப்பறையில் இதைப் பற்றிய கதையை வாசிக்கும்போது, அந்தக் கதைக்குள் நுழையும் முன்பே பிள்ளைகளின் மனத்தில் வேறு இரண்டு கதைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதல் மாலையில் அந்தப் பெற்றோர் சொன்ன ஒரு வார்த்தை எங்கள் தேர்வுக்கு அளவுகோல் ஆயிற்று. நாங்கள் மூவரும் எந்த நூல் கொடுமையை நன்றாகக் காட்டுகிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் இடைமறித்து, "சார், கதைல எங்க புள்ள அடி வாங்குற எடம் வந்தா, கிளாஸ்ல இருக்குற அத்தன பேரும் எங்க புள்ளயத்தான் திரும்பிப் பாப்பாங்க. அத மட்டும் மொதல்ல யோசிச்சுக்குங்க," என்றார். அதன் பிறகு நாங்கள் ஒவ்வொரு நூலையும் அந்தக் கேள்வியோடுதான் திறந்தோம். நூல் எவ்வளவு நல்லது என்பது ஒரு கேள்வி. அது இந்த வகுப்பில் எந்தப் பிள்ளையை எந்த இடத்தில் உட்காரவைக்கிறது என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடை.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' முதலில் வந்தது. 1960இல் வெளியாகி அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற இந்த நாவலை, இந்தப் பொருளைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1930களில், செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தப்படும் கறுப்பினத்தவர் ஒருவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞரின் கதையை, அவருடைய சிறுமகள் சொல்கிறாள். பள்ளியைப் பற்றி அதில் ஒரு இடம் மிக அருமையானது. அந்தச் சிறுமியின் ஆசிரியை, ஹிட்லர் யூதர்களை வதைப்பதைக் கண்டித்து வகுப்பில் பேசுகிறார். நாம் ஜனநாயக நாடு, யாரையும் ஒடுக்குவதில்லை என்கிறார். அதே ஆசிரியை நீதிமன்ற வாசலில் நின்று, கறுப்பர்களுக்கு யாராவது பாடம் புகட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் பேசியதைச் சிறுமி தன் காதால் கேட்டிருக்கிறாள். இரண்டையும் அவளால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. ஆசிரியராக இருக்கும் எவரும் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடியாது.

ஆனாலும் இந்த நூலை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தச் சிறுமியின் வகுப்பில் ஒரு கறுப்புப் பிள்ளைகூட இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் அன்றைய சட்டப்படி பள்ளிகளே வேறு வேறு. கதை முழுவதும் வெள்ளைப் பிள்ளையின் கண் வழியாகவே நாம் பார்க்கிறோம். இதை எங்கள் வகுப்பில் வாசித்தால் ஊர்ப் பிள்ளை தன்னை வழக்கறிஞராகக் கற்பனை செய்துகொள்ளும். நியாயத்துக்காக நின்ற நல்லவராகத் தன்னை நினைத்துக்கொண்டு கண் கலங்கும்; கதை முடிந்ததும் அந்தக் கண்ணீரோடு கணக்கு தீர்ந்துவிடும். காலனிப் பிள்ளைக்கு அந்த நாவலில் கிடைக்கும் இடம் எது? கூண்டில் நிற்கும் மனிதர், பிறகு சிறையிலிருந்து தப்ப முயன்று 17 குண்டுகள் பாய்ந்து கிடக்கும் அதே மனிதர். இரக்கத்துக்கு உரியவராக இருப்பது ஒரு 14 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 31 அத்தியாயங்கள் கொண்ட நூல் என்பதும் எங்கள் கால அளவுக்குப் பொருந்தவில்லை. அது சிறிய காரணம்தான். நூலகர் நண்பருக்கு இந்த முடிவில் இன்னும் வருத்தம் இருக்கிறது. அவர் வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் முடிவில் மாற்றம் இல்லை.

இரண்டாவதாக ஆங்கில ஆசிரியை கொண்டுவந்தது மலோரி பிளாக்மன் 2001இல் எழுதிய 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்'. அதன் உலகில் எல்லாம் தலைகீழ். கறுத்த தோல் கொண்டவர்கள் ஆள்கிறவர்கள். வெளுத்த தோல் கொண்டவர்கள் 'நாட்', அதாவது வெறும் பூஜ்யம் எனப்படுகிறார்கள். ஆள்வோர் பள்ளியில் முதன்முறையாகச் சேர்த்துக்கொள்ளப்படும் சில பூஜ்யப் பிள்ளைகளில் ஒருவன் கேலம். அவனுடைய இளமைத் தோழி செஃபி ஆள்வோர் வீட்டுப் பெண். இருவரும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். அந்தப் பள்ளியில் நெற்றியில் அடிபட்ட ஒரு பூஜ்யச் சிறுமிக்கு ஒட்டப்படும் பிளாஸ்திரி கரும்பழுப்பு நிறத்தில் இருக்கிறது. அவளுடைய வெளுத்த தோலில் அது துருத்திக்கொண்டு தெரிகிறது. கடையில் அந்த ஒரு நிறம்தான் கிடைக்கும் என்பதைச் செஃபி அன்றுதான் முதன்முதலாக யோசிக்கிறாள். ஒரு பிளாஸ்திரியை வைத்து ஆதிக்கம் என்றால் என்னவென்று சொல்லிவிட முடியும் என்பதை நான் இந்த நூலில்தான் கண்டேன். உணவு நேரத்தில் செஃபி தன் தட்டோடு பூஜ்யப் பிள்ளைகளின் மேசைக்குப் போய் உட்காருகிற இடமும் அப்படித்தான். அதற்காக அவளைத் தன் இனத்துப் பெண்களே கழிவறையில் வைத்து அடிக்கிறார்கள். எங்கள் வேப்பமரத்தடியை அறிந்தவன் என்ற முறையில், அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன்.

இந்த நூலுக்கு வேறொரு பலமும் உண்டு. அதில் வரும் வசைச்சொல் ஆசிரியர் புதிதாக உண்டாக்கியது. உலகில் எந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லைக் கேட்டு அழுததில்லை. ஆகவே வகுப்பில் உரக்க வாசிக்கும்போது யாரையும் புண்படுத்தாமல், ஒரு வசை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பேச முடியும்.

எனக்கு இதில் இருந்த தயக்கங்கள் இரண்டு. முதலாவது, இந்தத் தலைகீழாக்கம் தோலின் நிறத்தை நம்பி நிற்கிறது. நம் வகுப்பில் நிறத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அண்ணன் தம்பிபோல் ஒரே சாயலில் இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவன் ஏரிக்கரையில் வருகிறான், மற்றவன் புளியமரச் சாலையில் வருகிறான். இங்கே தோலுக்குப் பதில் வேறு பல கேள்விகள் அந்த வேலையைச் செய்கின்றன. எந்த ஸ்டாப்பிங்கில் இறங்குவாய், உங்கள் தெருவின் பெயர் என்ன, உங்கள் ஊர்த் திருவிழா எப்போது, உதவித்தொகைப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டாலே போதும், விடை கிடைத்துவிடும். இரண்டாவது தயக்கம் இன்னும் கனமானது. இட ஒதுக்கீட்டின் மீது வீட்டுத் திண்ணைகளில் கசப்பு பேசப்படும் ஊரில், 'நாளை அவர்கள் கைக்கு அதிகாரம் போனால் நம்மை இப்படித்தான் நடத்துவார்கள்' என்று இந்த நாவலை ஒரு பிள்ளை படித்துவிடக்கூடும். நூலாசிரியரின் நோக்கத்துக்கு நேர் எதிரான அந்த வாசிப்பை, 40 நிமிடத்துக்குள் நான் திருத்திவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. குண்டுவெடிப்பும் தூக்குக் கயிறும் வரும் அதன் பிற்பகுதி ஒன்பதாம் வகுப்புக்குச் சற்றுக் கடுமை என்பதையும் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர்ப் பக்கம் பணியாற்றும் ஒரு தோழி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே வகுப்பில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகளோடு, தொழிற்சாலை வேலைக்கு வந்த வட மாநிலத்தவரின் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் அயலார் என்பது அங்கே வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும் என்றும், 'எல்லாம் தலைகீழானால்' என்ற கேள்வியே தன் வகுப்புக்கு நல்ல தொடக்கம் என்றும் அவர் சொல்கிறார். அவர் வகுப்பை அவர்தான் அறிவார்.

திரையில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. படம் ஓடுகையில் நிறுத்திப் பேச முடியாது. இருட்டில் இரண்டு பக்கமும் தத்தம் ஆளுக்குக் கைதட்டும். அதை உடனே விட்டுவிட்டோம்.

மூன்றாவது நூல்தான் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' புனைவு அன்று, தன்வரலாறு. ஆனால் சிறுமியின் பார்வையில், பேச்சுத் தமிழில், கதைபோலவே ஓடும் நூல் என்பதால் பட்டியலில் வைத்தோம். தெருவில் வயதான ஒருவர் ஒரு பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள்; அது வேடிக்கை அல்ல என்று அண்ணன் சொல்லும்போது அவள் சிரிப்பு அடங்கிவிடுகிறது. பள்ளியில் விளையாடும்போது மரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுந்ததற்காக, அவள் திருடிவிட்டாள் என்று தலைமையாசிரியர் பிள்ளைகள் கூடியிருக்கும் இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டிப் பள்ளிக்குள் வரக் கூடாது என்கிறார். பாதிரியாரிடம் கடிதம் வாங்கப் போனால், சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற பொருளில் அவரும் பேசுகிறார். நம் மொழியில், நம் மண்ணில், நம் காலத்துக்கு வெகு அருகில் நடந்தது இது. மொழிபெயர்ப்பு எதுவும் வேண்டாம். விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு தருமபுரிப் பிள்ளைகளின் காதில் புதிதாக விழும். அது ஒரு இன்பம்.

நெருக்கம்தான் அதன் பலம். எங்கள் வகுப்பில் அதுவே இடறவும் செய்கிறது. அந்தப் பெற்றோர் சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்ப்பது உறுதி. பாமா அந்தச் சாதிப் பெயரைத் தானே எழுதுகிறார். தன் வாழ்க்கையைத் தன் குரலில் சொல்கிற உரிமையோடு எழுதுகிறார். அதே வரியை ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஆசிரியனான நான் உரக்க வாசிக்கும்போது அது வேறு ஒன்றாக ஆகிவிடுகிறது. பிள்ளைகள் அதைக் கேட்பது என் வாயிலிருந்துதான். நூலாசிரியர் அங்கே இல்லை.

இதற்கு மேல் ஒன்று எனக்குத் தோன்றியது. அந்தத் தேங்காய்க் காட்சியில் குற்றவாளி எந்த மாணவனும் அல்லன், தலைமையாசிரியர். அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு முன் படிக்க வேண்டியவர்கள் நாங்கள். எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், இந்தப் பள்ளியில் அல்ல, வேறொரு பள்ளியில், உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்ப வேண்டிய அவசரத்தில், வகுப்பு நடுவில் நின்று, "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க," என்று சொன்னேன். 11 பேர் எழுந்தார்கள். ஒரு பெண் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். பட்டியலில் அவள் பெயர் இருந்ததால், நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினேன். அதுவரை அந்த வகுப்பில் அவளை யாரும் அப்படி அறிந்திருக்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. கையில் கட்டும் கயிறு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்கள் முதலியவற்றைப் பற்றி அது சொன்னதே நாளிதழ்களில் பெரிதாக வந்தது. வருகைப் பதிவேட்டில் சாதியைக் குறிக்கும் கட்டம் கூடாது, ஆசிரியர்கள் மாணவரைச் சாதி குறிப்பிட்டு அழைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது, உட்கார்ந்தே இருந்த அந்தப் பெண்தான் என் நினைவில் வந்தாள்.

இந்த நினைவு காரணமாகத்தான் நான்காவது நூலின் முதல் அத்தியாயம் என்னை நிறுத்திவிட்டது என்று நினைக்கிறேன். மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' 1976இல் வெளிவந்து, மறு ஆண்டு சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. பிரித்து வைத்தாலும் சமமாக நடத்தினால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் சொன்ன தீர்ப்புக்கும், பள்ளிகளில் பிரித்து வைப்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்று 1954இல் சொன்ன தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலத்தில், 1933இல், மிசிசிப்பி மாநிலத்தில் நடக்கும் கதை இது. கதை சொல்கிறவள் கேஸி என்னும் ஒன்பது வயதுக் கறுப்புச் சிறுமி. பருத்தி எடுப்பு முடிய வேண்டும் என்பதால் அவர்களுடைய பள்ளி அக்டோபரில்தான் திறக்கிறது. அவளும் சகோதரர்கள் மூவரும் செம்மண் பாதையில் நடந்து போகிறார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பேருந்து உண்டு. அது இவர்கள் மீது புழுதியையும் மழைநாளில் சேற்றையும் வாரி அடித்துவிட்டுப் போகிறது.

முதல் நாள் பள்ளியில் பாடநூல் கொடுக்கிறார்கள். தன் உடை, புத்தகம் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆறு வயதுத் தம்பிக்குக் கிழிந்து அழுக்கேறிய நூல் கிடைக்கிறது. அவன் வேறு நூல் கேட்கிறான். இல்லை என்கிறார் ஆசிரியை. பிறகு அவன் அட்டையின் உள்பக்கத்தைப் பார்க்கிறான். அங்கே ஒரு கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது, நூலின் நிலை என்ன, பெறும் மாணவரின் இனம் என்ன என்று வரிசையாக இருக்கிறது. 1922 முதல் 11 முறை வெள்ளைப் பிள்ளைகளுக்குப் புதியது, நல்லது, சுமார், மோசம் என்று படிப்படியாக இறங்கி வந்த நூல், 'மிக மோசம்' என்ற நிலையை அடைந்த 12ஆவது முறை இவர்களுக்கு வந்திருக்கிறது. இனம் என்ற கட்டத்தில் இவர்களைக் குறிக்க ஒரு இழிசொல் எழுதப்பட்டிருக்கிறது. அவன் நூலைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். அக்காளும் அவன் பக்கம் நிற்கிறாள். இருவருக்கும் அடி விழுகிறது. அடிப்பவரும் கறுப்பின ஆசிரியைதான். அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவர்களுடைய தாய், செய்தி கேட்டு, பிள்ளைகளை அடிக்கவில்லை. ஒரு தாளை வெட்டிப் பசை தடவி அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டுகிறார். பின்னர் பள்ளிக் குழுவினர் அவரை வேலையிலிருந்து நீக்கும்போது அந்தத் தாளும் ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது.

இந்தக் காட்சியில் முன்முடிவு என்பது கெட்ட மனிதர் ஒருவரின் மனத்தில் மட்டும் இல்லை. அது ஒரு கட்டமாக அச்சாகி, ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவரால் பொறுப்பாக நிரப்பப்பட்டிருக்கிறது. நிரப்பியவர் என்னைப் போன்ற ஆசிரியராகத்தான் இருந்திருப்பார். அவருக்கும் அவசரம் இருந்திருக்கும். பேருந்தும் அப்படியே. இலவசப் பஸ் பாஸ் வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பேருந்து என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பருத்திக்காகத் தள்ளிப்போகும் பள்ளியும் அப்படியே. பெற்றோரோடு பெங்களூருக்குப் போய்விட்டு மாதக் கணக்கில் காணாமல் போகும் பிள்ளைகள் எங்கள் பதிவேட்டிலும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட, அந்தப் பெற்றோரின் கேள்விக்கு இந்த நூல் தரும் விடை எங்களுக்குப் பிடித்திருந்தது. கேஸியைப் பார்த்து யாரும் பரிதாபப்பட முடியாது. அவள் கோபக்காரி, வாயாடி, பழிவாங்கத் தெரிந்தவள். பேருந்து வரும் பாதையில் பிள்ளைகள் இரகசியமாகப் பள்ளம் தோண்டி, மழைநீர் நிறைந்த அதில் பேருந்து இறங்கி நின்றுவிடும்போது, வகுப்பு மொத்தமும் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் ஏரிக்கரையும் புளியமரச் சாலையும் இருக்காது. காலனிப் பிள்ளை இங்கே கதை சொல்கிறவளாக இருக்கிறாள். ஊர்ப் பிள்ளைக்கும் ஒரு இடம் இருக்கிறது. அது மீட்பர் என்ற இடம் இல்லை. ஜெரமி என்னும் வெள்ளைச் சிறுவன் பேருந்தில் ஏறாமல் இவர்களோடு நடந்து வருகிறான். அதற்காக வீட்டில் அடி வாங்குகிறான். கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் செய்த குழல் ஒன்றைக் கேஸியின் அண்ணனுக்குக் கொண்டுவந்து தருகிறான். அந்த நட்பு இந்தக் காலத்தில் நிலைக்காது என்று தந்தை எச்சரிக்கிறார். அண்ணன் குழலை வாசிக்காமல் எடுத்து வைத்துவிடுகிறான். நல்லெண்ணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாத இந்த நேர்மை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கேஸியின் குடும்பத்துக்கு 400 ஏக்கர் நிலம் இருக்கிறது. அவர்களுடைய நிமிர்வு முழுவதும் அந்த நிலத்தில் வேரூன்றியிருக்கிறது. கடன் வாங்கிப் பயிரிடும் மற்றக் கறுப்புக் குடும்பங்களால் அப்படி எதிர்த்து நிற்க முடியவில்லை என்பதை நூலே காட்டுகிறது. காலடி மண்ணும் சொந்தமில்லாத எங்கள் பிள்ளைகள், நிலம் இருந்தால்தான் மானம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. அந்தப் பெற்றோர் அதை ஏற்கவில்லை. நிலம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதில் என்ன தவறு என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

தீயைப் பற்றி அதிகமாகப் பேசினோம். வெள்ளையர்களால் எரிக்கப்பட்டுப் பேச முடியாமல் கிடக்கும் ஒரு கறுப்பினத்தவரைப் பிள்ளைகளே நேரில் பார்க்கும் இடம் நூலில் உண்டு. முடிவிலும் தீ வருகிறது. ஒரு சிறுவனைத் தூக்கிலிட வரும் கூட்டத்தின் கவனத்தைத் திருப்பக் கேஸியின் தந்தை தன் சொந்தப் பருத்திக் காட்டுக்கே தீ வைக்கிறார். இந்த மாவட்டத்தில் தீ என்ற சொல்லைச் சாதாரணமாக வாசித்துவிட முடியாது. ஆங்கில ஆசிரியை அந்தப் பகுதிகளைச் சுருக்கிவிடலாம் என்றார். நான் மறுத்தேன். எரிந்த வீடுகளைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் முன்னால் நாம் மட்டும் அதை மறைத்தால், அதைப் பள்ளியில் பேசக் கூடாது என்பதையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களாவோம். வாசிக்கும் முந்தின நாளே, நாளை எந்தப் பகுதி வருகிறது என்று சொல்லிவிடுவது என்றும், கேட்க விரும்பாத பிள்ளை காரணம் சொல்லாமல் நூலகத்தில் போய் உட்காரலாம் என்றும் முடிவு செய்தோம்.

மொழி இன்னொரு சிக்கல். நூலை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு நான் தமிழில் சொல்லப்போகிறேன். அந்த இழிசொல்லை எப்படிச் சொல்வது? 'கறுப்பர்' என்று சொன்னால் அதன் விஷம் மறைந்துவிடும்; தம்பி எதற்காக நூலை மிதித்தான் என்பதே புரியாது. இங்குள்ள ஒரு வசைச்சொல்லை வைத்தால் புரியும். ஆனால் அந்தச் சொல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் மேல் போய் விழும். இரண்டு வாரம் யோசித்த பிறகு, அந்த இடம் வரும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்தி, ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். அங்கே என்ன சொல் இருந்திருக்கும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

ஆகவே எங்கள் முடிவு இது. வகுப்பில் டெய்லரின் நாவல். 12 அத்தியாயங்கள், வாரத்துக்கு ஒன்று, இடையில் தேர்வு வந்தாலும் அரையாண்டுக்குள் முடிந்துவிடும். 'கருக்கு' ஆசிரியர் அறைக்கு. ஜூன் முதல் வாரத்திலேயே, பிள்ளைகள் கேஸியைச் சந்திக்கும் முன்பாகவே, நாங்கள் அந்தத் தேங்காய்ப் பக்கத்தை உரக்க வாசித்துக்கொள்வோம். அன்று உதவித்தொகைப் பட்டியலைப் பற்றியும் நான் சொல்லப்போகிறேன். அரையாண்டுக்குப் பிறகு, பிள்ளைகளே கேட்டால், 'கருக்கு' வகுப்புக்கு வரும். அப்போது அதை வாசிக்கும் குரல் என்னுடையதாக இருக்காது. மற்ற இரண்டு நூல்களும் நூலக அலமாரியில், கைக்கு எட்டும் தட்டில் இருக்கும்.

கேஸியின் பகுதிகளை யார் வாசிப்பது என்ற கேள்வி கடைசியாக வந்தது. குரல் நன்றாக இருக்கும் பிள்ளையிடம் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தால், காலனிப் பெண்ணுக்குக் கொடுத்தாலும் ஊர்ப் பெண்ணுக்குக் கொடுத்தாலும் அதற்கு ஒரு பொருள் வந்துவிடும். எனவே வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி வாரம் ஒருவர் வாசிப்பார். ஆணானாலும் பெண்ணானாலும் முறை மாறாது. இந்த ஆண்டுப் பதிவேட்டை அகரவரிசையில் நானே எழுதி முடித்துவிட்டேன். அதில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் என்று மூன்று கட்டங்கள் மட்டுமே இருக்கின்றன.